புவியில் நின்று கோள்களைப் படித்தல்: ஒரு கள ஆய்வுப் பாடம்



இடவிளக்கப் படத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்து, இது கூம்புக் குன்று, இது பள்ளத்தாக்கு என்று கூற நீங்கள் பழகியிருப்பீர்கள். ஆனால் அந்தக் குன்றில் ஒரு தடவையேனும் ஏறி இறங்கியவருக்கு அதே கோடுகள் வேறு விதமாகத் தெரியும். எங்கே மூச்சு வாங்கியது, எங்கே கால் சறுக்கியது என்பதெல்லாம் அவருக்குப் படத்திலேயே தெரியும். சந்திரனையும் செவ்வாயையும் ஆராய்வோருக்குள்ள இடர்ப்பாடு இதுதான். அவர்களிடம் படங்கள் ஏராளமாக உள்ளன. ஏறிப் பார்க்கத்தான் வழியில்லை. சந்திரனில் இதுவரை நடந்தவர்கள் 12 பேர் மட்டுமே. செவ்வாயில் எவரும் கால் வைத்ததில்லை.

ஆகவே அவர்கள் புவியிலேயே அத்தகைய தரைத்தோற்றங்கள் உள்ள இடங்களைத் தேடிச் செல்கின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் கோள்களின் புவிச்சரிதவியலுக்கென ஒரு களப் பயிற்சிநெறி நடத்தப்பட்டு வருகின்றது. அதில் ஒவ்வொரு மாணவரும் ஒரு தலைப்பை முன்கூட்டியே படித்து ஆயத்தம் செய்து, அந்த இடத்திற்குச் சென்றதும் பாறையின் முன்னால் நின்றே மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். வகுப்பறையில் சொல்லித் தப்பிக்கொள்ளலாம். பாறையின் முன்னால் அப்படித் தப்ப முடியாது. சொன்னது பிழையானால் எதிரே உள்ள பாறை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்பாடத்தில் அத்தகைய பயணங்களில் காட்டப்படும் சில இடங்களைப் பார்ப்போம். அவை தொடர்பாகப் பெரிய அறிஞர்களே விட்ட பிழைகளையும் சேர்த்துப் பார்ப்போம்.

அவதானமும் அனுமானமும்

கள ஆய்வுக் குறிப்புப் புத்தகத்தின் பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்புறத்தில் கண்ணாற் கண்டதையும் அளந்ததையும் மட்டும் எழுதுங்கள். வலப்புறத்தில் அதிலிருந்து நீங்கள் ஊகிப்பதை எழுதுங்கள். "வட்டமான பள்ளம், விளிம்பு உயர்ந்துள்ளது" என்பது அவதானம். "எரிமலை வாய்" என்பது அனுமானம். விடைத்தாள்களில் பெரும்பாலும் காணப்படும் குறை, இரண்டாவதை மட்டும் எழுதிவிட்டு முதலாவதை விட்டுவிடுவதாகும். வட்டமான பள்ளம் எரிமலையாலும் உண்டாகலாம், விண்கல் மோதியும் உண்டாகலாம், சுண்ணாம்புக்கற் குகையின் கூரை இடிந்து விழுந்தும் உண்டாகலாம். ஒரே வடிவம், மூன்று காரணங்கள்.

செய்மதிப் படத்தைப் பார்க்கும்போது இன்னுமொரு அவதானம் தேவை. சூரிய ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகின்றது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நமது கண் ஒளி மேலிருந்தே வருவதாக எடுத்துக்கொள்ளும். படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒளி விழுந்தால் குழி மேடாகத் தெரியும், மேடு குழியாகத் தெரியும். சந்தேகமிருந்தால் சந்திரனின் குழிகள் உள்ள ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

அரிசோனாவின் விண்கற் குழி

அரிசோனா மாநிலத்தின் வடபகுதியில், பரந்த வறண்ட சமவெளியொன்றில் ஏறத்தாழ 1.2 கிலோமீற்றர் விட்டமும் 170 மீற்றர் ஆழமும் கொண்ட குழியொன்று உள்ளது. சுற்றியுள்ள சமவெளியை விட அதன் விளிம்பு ஏறத்தாழ 45 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு தாழ்ந்த மேடாகவே தோன்றும். ஏறி விளிம்பை அடைந்த பின்னரே காலடியில் பள்ளம் திறக்கும்.

1891 ஆம் ஆண்டில் குரோவ் கார்ல் கில்பேட் என்ற புகழ்பெற்ற புவிச்சரிதவியலாளர் இங்கு வந்தார். குழியைச் சுற்றி இரும்பு விண்கற்றுண்டுகள் சிதறிக் கிடப்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. அவர் எடுத்த எடுப்பில் முடிவு சொல்லவில்லை. இரண்டு கருதுகோள்களை எடுத்து, இரண்டு பரிசோதனைகளை வகுத்தார். ஒரு பெரிய இரும்பு விண்கல் மோதிப் புதைந்திருந்தால் அங்கே காந்த ஊசி விலக வேண்டும். அத்துடன், புதைந்த கல் குழியின் ஒரு பகுதியை நிரப்பியிருக்குமாதலால் வெளியே எறியப்பட்ட பாறைகளின் கனவளவு, இப்போதுள்ள குழியின் கனவளவை விட அதிகமாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தார். காந்த ஊசி விலகவில்லை. இரு கனவளவுகளும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆகவே இது நிலத்தடி நீராவி வெடித்து உண்டான குழி என முடிவு செய்தார்.

அவருடைய அளவீடுகள் பெரும்பாலும் சரி. முறையும் சரி. ஆனால் முடிவு பிழை. ஏன்?

குழியை உண்டாக்கிய கல் குழியோடு ஒப்பிடத்தக்க அளவு பெரியதாயிருக்கும் என்று அவர் எண்ணியதே காரணம். உண்மையில் அந்த இரும்பு-நிக்கல் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 50 மீற்றர் மட்டுமே. அது மோதியது சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன். அதன் வேகம் செக்கனுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் மேல். விஞ்ஞான பாடத்தில் படித்த இயக்க சக்திச் சமன்பாட்டை இங்கே பயன்படுத்திப் பாருங்கள். செக்கனுக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் வரும் 1 கிலோகிராம் கல்லின் இயக்க சக்தி, ½ × 1 × 12,000 × 12,000 = 72,000,000 யூல், அதாவது 720 இலட்சம் யூல் ஆகும். ஒரு கிலோகிராம் ரி.என்.ரி. வெடிமருந்து வெடிக்கும்போது வெளிப்படுவது ஏறத்தாழ 42 இலட்சம் யூல் மட்டுமே. அதாவது, அந்தக் கல்லின் ஒவ்வொரு கிலோகிராமும் தன்னைப்போல் 17 மடங்கு திணிவுள்ள வெடிமருந்துக்குச் சமம். எனவே கல் தரையைத் துளைத்துக்கொண்டு போய் முழுதாகப் புதைந்திருக்கவில்லை. மோதிய கணத்திலேயே அதன் பெரும்பகுதி நொருங்கியும் உருகியும் ஆவியாகியும் சிதறிவிட்டது.

இது தெரியாமல் இழப்பை அடைந்தவர் டானியல் பரிங்கர் என்ற சுரங்கத் தொழிலதிபர். விண்கல் மோதியே குழி உண்டானது என்று அவர் உறுதியாக நம்பினார், அது சரி. பெருந்தொகை இரும்பு அடியில் கிடக்கும் என்றும் நம்பினார், அது பிழை. 1903 இல் இடத்தை உரிமையாக்கிக்கொண்டு கால் நூற்றாண்டுக்கு மேல் துளையிட்டும் எதிர்பார்த்த இரும்பு அகப்படவில்லை. 1929 இல் அவர் காலமானார். காரணத்தைச் சரியாகச் சொன்னவரும் அளவீட்டைச் சரியாகச் செய்தவரும் ஒரே தவறான எடுகோளில், அதாவது பெரிய கல் உள்ளே இருக்க வேண்டும் என்பதில், தடுக்கி விழுந்தனர் என்பதைக் கவனியுங்கள்.

பிணக்கைத் தீர்த்தவர் யூஜீன் ஷூமேக்கர். 1950களின் பிற்பகுதியில் அவர் குழியின் பாறைப் படைகளை ஒவ்வொன்றாக வரைபடமாக்கினார். சமவெளியில் பாறைகள் கீழிருந்து மேலாக வெண்மணற்கல், அதன்மேல் சுண்ணாம்புக்கல், அதன்மேல் செந்நிற மணற்கல் என அமைந்துள்ளன. குழியின் விளிம்பிலோ இந்த ஒழுங்கு மீண்டும் ஒருமுறை, ஆனால் தலைகீழாக, காணப்படுகின்றது. புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டிப் போட்டதுபோல் படைகள் வெளிப்புறமாக மடிந்து விழுந்திருக்கின்றன. நெவாடாப் பாலைவனத்தில் அணுகுண்டுப் பரிசோதனைகளால் உண்டான குழிகளிலும் இத்தகைய மடிப்பை அவர் கண்டிருந்தார். 1960 இல் அவரும் எட்வேட் சாவோ முதலியோரும் இக்குழியின் மணற்கல்லில் கோயசைற்று என்னும் கனியம் இருப்பதை வெளியிட்டனர். சாதாரண மணலில் உள்ள அதே சிலிக்கா மிக உயர்ந்த அமுக்கத்திற்கு உட்பட்டால் மட்டுமே கோயசைற்றாக மாறும். புவியின் மேற்பரப்பில் நடைபெறும் எரிமலை வெடிப்பு அவ்வளவு அமுக்கத்தைத் தராது.

இங்கு நிற்கும் மாணவர்களிடம் கேட்கப்படும் வினாவொன்று: "மேலிருந்து பார்த்தால் குழி முழு வட்டமா?" அன்று, அது சற்றுச் சதுரமானது. பாறையில் முன்பே இருந்த வெடிப்புக் கோடுகளின் வழியே அது எளிதாகக் கிழிந்தமையே இதற்குக் காரணம். விண்கற் குழி என்றால் வட்டம் என மனனம் செய்தவர்கள் இதைக் காணாமலே போய்விடுவார்கள்.

எரிமலையா, மோதலா?

அதே வட அரிசோனாவில் சான் பிரான்சிஸ்கோ எரிமலைப் பிரதேசம் உள்ளது. அறுநூறுக்கு மேற்பட்ட எரிமலைகள் இங்கே உண்டு. எஸ்.பி. குழி எனப்படும் எரிமலைச் சாம்பற் கூம்பு அவற்றுள் ஒன்று. அதன் வாய் கூம்பின் உச்சியில் இருக்கின்றது. வாயின் அடித்தளம் சுற்றியுள்ள சமவெளியை விட உயரமானது. கூம்பின் அடியிலிருந்து எரிமலைக் குழம்பு பல கிலோமீற்றர் தூரம் ஓடி உறைந்துள்ளது. விண்கற் குழியின் அடித்தளமோ சமவெளியை விடத் தாழ்ந்தது. இது பயனுள்ள வேறுபாடு.

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது. இதே பிரதேசத்திலுள்ள கோல்ற்றன் குழி ஏறத்தாழ விண்கற் குழியின் அகலமே கொண்டது. எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைச் சந்தித்து வெடித்ததால் உண்டான அகன்ற பள்ளம் அது. கில்பேட் கூறியது போன்ற வெடிப்பு உலகில் இல்லாத ஒன்றன்று. அவர் நின்ற இடத்தில் நடைபெறவில்லை, அவ்வளவே. கோல்ற்றன் குழியின் அடியில் ஒரு சிறிய சாம்பற் கூம்பு நிற்கின்றது. சுவரில் எரிமலைப் பாறை தெரிகின்றது. தூரத்திலிருந்து வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அருகில் சென்றால் பாறை சொல்லிவிடுகின்றது.

நமது அயல்நாட்டிலும் ஒரு சிறந்த உதாரணம் உண்டு. இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்திலுள்ள லோனார் ஏரி ஏறத்தாழ 1.8 கிலோமீற்றர் விட்டமுள்ள குழியில் அமைந்தது. தக்காணத்தின் பசாற்றுப் பாறையில் இருப்பதால் அது நீண்ட காலம் எரிமலை வாய் என்றே கருதப்பட்டது. எரிமலைப் பாறையில் உள்ள குழி எரிமலை வாயாகத்தானே இருக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பானதே. மோதலின் அதிர்ச்சியால் மட்டும் உண்டாகும் கண்ணாடித் தன்மையான பொருட்கள் அங்கே இனங்காணப்பட்ட பின்னரே உண்மை தெளிந்தது. சந்திரனின் கருமையான சமவெளிகளும் செவ்வாயின் பெரும்பகுதியும் பசாற்றே ஆகையால், அங்குள்ள குழிகளைப் புரிந்துகொள்ள லோனார் மிக அருமையான ஒப்பீடாகும்.

சந்திரனுக்குப் போகுமுன் அரிசோனாவில்

அப்பலோ விண்வெளி வீரர்கள் விண்கற் குழிக்கும் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கிற்கும் அழைத்துச் செல்லப்பட்டுப் பாறைகளை வாசிக்கப் பயிற்றப்பட்டனர். 1967 இல் பிளாக்ஸ்ராவ் நகருக்கு அண்மையிலுள்ள சாம்பல் வெளியொன்றில், சந்திரனின் ஒரு பகுதியை விண்கலம் எடுத்த படத்தைப் பார்த்து, அதேபோன்ற குழிகள் வெடிவைத்து உண்டாக்கப்பட்டன. வீரர்கள் அதில் நடந்து பழகினர்.

இவ்வளவு ஆயத்தத்தின் பின்னும் 1972 ஏப்ரிலில் அப்பலோ 16 ஒரு பெரும் எதிர்பாராமையைச் சந்தித்தது. டெக்காட் மேட்டுநிலத்தின் படங்களைப் பார்த்த விஞ்ஞானிகள் அங்கே எரிமலைப் பாறை கிடைக்குமென எதிர்பார்த்தனர். ஜோன் யங்கும் சாள்ஸ் டியூக்கும் அங்கு நடந்து பொறுக்கியவை பெரும்பாலும், மோதலால் நொருங்கிய துண்டுகள் மீண்டும் ஒட்டி உருவான பாறைகளே. கில்பேட் செய்த பிழை எண்பது ஆண்டுகளின் பின் மறுபடியும் நிகழ்ந்தது. வியப்பென்னவெனில், சந்திரனின் குழிகள் மோதலால் உண்டானவை என்று 1890களிலேயே வாதாடியவரும் அதே கில்பேட்தான்!

ஆனாலும் பயிற்சி வீண்போகவில்லை. எதிர்பார்த்த பாறை இல்லை என்பதை வீரர்கள் அந்த இடத்தில் வைத்தே உணர்ந்து அறிவித்தனர். எதிர்பார்த்ததையே காணும் கண் அவர்களுக்கு இருந்திருந்தால் அது நடந்திராது.

வெள்ளம் வெட்டிய நிலம்

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே ஆறே இல்லாத பெரும் பள்ளத்தாக்குகளும், நீரே இல்லாத நீர்வீழ்ச்சியும் உள்ளன. உலர் வீழ்ச்சி எனப்படும் அந்தச் செங்குத்துப் பாறை 5 கிலோமீற்றருக்கு மேல் அகலமும் ஏறத்தாழ 120 மீற்றர் உயரமும் உடையது. 1923 இல் ஜே. ஹார்லன் பிரெற்ஸ் என்பவர் இவை ஒரு மாபெரும் வெள்ளத்தால் வெட்டப்பட்டவை என்றார். அக்காலத்தவர் நிலவுருக்கள் யாவும் மெதுவாகவே உருவாகும் என்ற கொள்கையில் ஊறியிருந்தனர். "அவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டனர். நியாயமான வினாதான். பிரெற்சிடம் அதற்கு உறுதியான விடை இருக்கவில்லை. அவரிடம் இருந்தது இடப்புறப் பத்தி மட்டுமே, ஆனால் அது நிறைந்திருந்தது.

விடை, பனிக்கட்டியாறு ஒன்று பள்ளத்தாக்கை அடைத்ததால் தேங்கிய மிசூலா என்னும் ஏரியில் இருந்தது. 2,000 கன கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீர் அதில் இருந்தது. பனி அணை உடைந்தபோதெல்லாம் அந்நீர் பாய்ந்தது. 1942 இல் ஜோசப் பாடி, அந்த ஏரியின் அடித்தளத்தில் பல மீற்றர் உயரமான அலைவரிகள் இருப்பதை விளக்கினார். கடற்கரை மணலில் நீங்கள் காண்பது போன்ற அலைவரிகளே அவை, ஆனால் ஒரு வீட்டின் உயரமுடையவை. தொண்ணூறு வயது கடந்த பின், 1979 இல், பிரெற்சுக்குப் புவிச்சரிதவியலின் உயரிய விருதான பென்ரோஸ் பதக்கம் வழங்கப்பட்டது.

1971-72 இல் மரினர் 9 விண்கலம் செவ்வாயின் பிரமாண்டமான கால்வாய்களையும் அவற்றின் நடுவே கண்ணீர்த்துளி வடிவத் தீவுகளையும் படமெடுத்தபோது, அவற்றோடு ஒப்பிட விஞ்ஞானிகளுக்கு ஒரு நிலம் ஆயத்தமாக இருந்தது. 1997 இல் பாத்பைண்டர் விண்கலம் செவ்வாயின் அரேஸ் கால்வாயின் வாயிலில் இறங்குமுன், அத்திட்டத்தின் விஞ்ஞானிகள் வாஷிங்டனின் இந்த வெள்ள நிலத்தில் நடந்து பார்த்தனர்.

குசேவில் ஏமாற்றம்

செவ்வாயில் குசேவ் என்ற பெரிய குழியொன்று உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீளமான கால்வாயொன்று அதன் சுவரை உடைத்துக்கொண்டு உட்புகுகின்றது. ஆறு குழிக்குள் விழுந்தால் ஏரி. ஏரியில் அடையல் படியும். அடையற் பாறையில் பழைய உயிரின் தடம் இருக்கலாம். எவ்வளவு அழகான தர்க்கம்! 2004 சனவரியில் ஸ்பிரிட் ஊர்தி அங்கே இறங்கியது. இறங்கிய சமவெளியில் கிடந்தவை ஒலிவீன் நிறைந்த பசாற்றுக் கற்கள். ஏரி அங்கு இருந்திருந்தாலும் அதன் அடையலை எரிமலைக் குழம்பு மூடிவிட்டது.

அடுத்து நடந்தது அதைவிடச் சுவையானது. ஊர்தி சில கிலோமீற்றர் அப்பாலிருந்த குன்றுகளை அடைந்தபின் நீரின் தடயங்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 2006 இல் அதன் முன்சில்லொன்று சுழல மறுத்தது. அதை இழுத்துக்கொண்டு போனபோது அச்சில்லு மண்ணைக் கீறியது. 2007 இல் அவ்வாறு கீறிய தடத்தில் வெண்ணிற மண் வெளிப்பட்டது; அதில் ஏறத்தாழ 90 வீதம் சிலிக்கா இருந்தது. புவியில் அத்தகைய படிவு வெந்நீரூற்றுகளை அல்லது சூடான ஆவித் துளைகளை அண்டியே உண்டாகும். சிலி நாட்டில் 4,000 மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள எல் தாத்தியோ வெந்நீர்ப் பிரதேசத்தின் சிலிக்காப் படிவுகளில் விரல்போன்ற சிறு புடைப்புகள் காணப்படுகின்றன. செவ்வாயில் ஸ்பிரிட் படமெடுத்தவையும் அதே வடிவத்தன. புவியில் அவற்றின் உருவாக்கத்தில் நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு. செவ்வாயிலும் அப்படியா? வடிவத்தை மட்டும் வைத்து ஆம் என்று எழுத முடியாது. ஏன் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஒப்பிடும்போது கழிக்க வேண்டியவை

புவியும் செவ்வாயும் ஒன்றன்று. செவ்வாயின் ஈர்ப்பு புவியினதில் ஏறத்தாழ 38 வீதம். வளிமண்டல அமுக்கம் 1 வீதத்திற்கும் குறைவு. அங்கே புவியிலுள்ளதுபோல் தகடுகள் நகர்வதில்லை. ஹவாயில் தகடு நகர்ந்துகொண்டிருப்பதால் எரிமலைகள் சங்கிலியாக அமைந்தன. செவ்வாயில் ஒரே இடத்திலேயே குழம்பு குவிந்தமையால் ஒலிம்பஸ் மலை ஏறத்தாழ 22 கிலோமீற்றர் உயர்ந்தது. சந்திரனில் காற்றும் மழையும் இல்லாததால் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான குழியும் அழியாதிருக்கின்றது. புவியிலோ 50,000 ஆண்டே ஆன அரிசோனாக் குழி, பாலைவனத்தில் இருந்தமையால்தான் இவ்வளவு தெளிவாக எஞ்சியது.

மாதிரி வினா

ஒரு பிரதேசத்தின் சமவெளி 400 மீற்றர் உயரமானது. அதில் 1.5 கிலோமீற்றர் விட்டமுள்ள வட்டமான பள்ளம் உள்ளது. அதன் விளிம்பு 460 மீற்றர், அடித்தளம் 250 மீற்றர். விளிம்பிற்கு வெளியே பெரும் பாறைத் துண்டுகள் சிதறியுள்ளன. இப்பள்ளம் உருவான விதத்தை ஆராய்க.

குறைவான புள்ளி பெறும் விடை: "இது விண்கல் மோதியதால் உண்டான குழியாகும்."

நல்ல விடை: "அடித்தளம் சமவெளியை விட 150 மீற்றர் தாழ்ந்தும் விளிம்பு 60 மீற்றர் உயர்ந்தும் உள்ளன. பாறைத் துண்டுகள் வெளியே எறியப்பட்டுள்ளன. எனவே இது வெடிப்பினால் உண்டான பள்ளம் என அனுமானிக்கலாம். சாம்பற் கூம்பின் உச்சியிலுள்ள எரிமலை வாய் அன்று. எனினும் விண்கல் மோதல், நிலத்தடி நீராவி வெடிப்பு ஆகிய இரண்டும் இவ்வடிவத்தைத் தரலாம். விளிம்பில் பாறைப் படைகள் தலைகீழாக உள்ளனவா எனவும், பாறையில் கோயசைற்று உண்டா எனவும் களத்தில் ஆராய்ந்தே முடிவு செய்யலாம்."

பயிற்சி

1. கில்பேட்டின் இரண்டு பரிசோதனைகளையும் எழுதி, அவற்றின் அடிப்படையாக இருந்த தவறான எடுகோளைக் குறிப்பிடுக.

2. செக்கனுக்கு 24 கிலோமீற்றர் வேகத்தில் வரும் 1 கிலோகிராம் கல்லின் இயக்க சக்தியைக் கணிக்க. பாடத்திலுள்ள பெறுமானத்தின் எத்தனை மடங்கு?

3. குசேவ் பற்றிய தர்க்கத்தில் அவதானங்கள் எவை, அனுமானங்கள் எவை? இரு பத்திகளாக எழுதுக.

4. உங்கள் பாடசாலைக்கு அண்மையிலுள்ள ஒரு குளம், கல்லுடைக்கும் பள்ளம் அல்லது கடற்கரைக்குச் சென்று, முதல் அரைமணி நேரம் இடப்புறப் பத்தியை மட்டும் நிரப்புக.